நோயிலிருந்து மீண்ட கதையை எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நோயிலிருந்து மீண்டவர்கள் பலர் செய்கிற முதல் தவறு, குரலை மாற்றிக்கொள்வது. நேற்று வரை கலகலவென்று பேசியவர், பேனாவைக் கையில் எடுத்ததும் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்.

அமெரிக்க நகைச்சுவை நடிகை ஃபிரான் டிரெஷர் அதைச் செய்யவில்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்காரர். மூக்கால் பேசுகிற குரலை வைத்தே 1993 முதல் 1999 வரை ‘தி நானி’ தொடரில் பேர் வாங்கியவர். 2000-இல் அவருக்குக் கருப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2002-இல் அதைப் புத்தகமாக எழுதினார். பெயர்: ‘கேன்சர் ஷ்மான்சர்’. யூதர்களின் இத்திஷ் மொழியில் ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது முன்னால் ‘ஷ்ம’ சேர்த்தால், ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று பொருள். நாம் ‘கேன்சராவது கீன்சராவது’ என்கிறோமே, அதேதான். வீட்டில் பேசுகிற பேச்சை அப்படியே அட்டையில் போட்டுவிட்டார்.

அடுத்த தவறுதான் எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது. ‘மன உறுதியால் வென்றேன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நடந்ததை விட்டுவிடுவது. ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒருவர் அரைமணி நேரம் தைரியத்தைப் பற்றிப் பேசினார். நல்ல கைதட்டல். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “உங்களுக்கு முதல்ல என்ன மாதிரி இருந்துச்சும்மா?” என்று கேட்டார். அவர் வந்ததே அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

டிரெஷரின் கதையில் அதற்குப் பதில் இருக்கிறது. மாதவிலக்குக்கு நடுவே இரத்தக்கசிவு, வயிற்றில் பிடித்து இழுக்கிற வலி. இரண்டு வருடம், எட்டு டாக்டர்கள். மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்து அறிகுறி என்று சொல்லி, அவருக்கு இல்லாத பிரச்சினைக்கு ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள். கருப்பையின் உள்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியை முதல் ஏழு பேரும் செய்யவில்லை. காரணம், அவர் ஒல்லி, வயதும் நாற்பதை ஒட்டித்தான். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிலக்கு நின்றவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வருவது. எட்டாவது டாக்டர்தான் அந்த பயாப்ஸியைச் செய்தார். 2000 ஜூன் 21-இல் கருப்பையை அகற்றினார்கள். நல்லவேளை, நோய் முதல் கட்டத்திலேயே இருந்தது. இதைப் படிக்கிற பெண்ணுக்கு டாக்டரிடம் கேட்க ஒரு பரிசோதனையின் பெயராவது கிடைக்கிறது.

சரி, விவரம் சொல்லுங்கள். ஆனால் அதை மற்றவர்களுக்கு மருந்துச் சீட்டாக எழுதித் தராதீர்கள். எல்லா இரத்தக்கசிவும் புற்றுநோய் ஆகிவிடாது. ‘எனக்கு இப்படி இருந்தது, நீங்களும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டு மனிதர்களைப் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். டிரெஷரும், அவரோடு சேர்ந்து ‘தி நானி’யை உருவாக்கிய கணவர் பீட்டர் மார்க் ஜேக்கப்ஸனும் 1999-இல் விவாகரத்து பெற்றார்கள். தான் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று ஜேக்கப்ஸன் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். நட்பு முறியவில்லை. அந்தக் கதையையே 2011-இல் இருவரும் சேர்ந்து ஒரு நகைச்சுவைத் தொடராக எடுத்தார்கள். இன்னொருவர் வாழ்க்கையைத் தொடுகிற பக்கத்தை அவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், புத்தகம் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. டிரெஷர் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போனபோது, தன்னைப் போலவே தவறான சிகிச்சைக்கு ஆளான பலரைச் சந்தித்தார். வாஷிங்டனுக்குப் போய்ப் பேசினார். பெண்களுக்கு வரும் இந்த வகைப் புற்றுநோய்கள் பற்றிய விழிப்புணர்வுச் சட்டம் 2007 ஜனவரியில் கையெழுத்தானது. அதே வருடம், புத்தகத்தின் பெயரிலேயே ஓர் அமைப்பையும் தொடங்கினார். 2021-இல் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் தலைவரானார். 2023-இல் 118 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை அறிவித்ததும் அதே மூக்குக் குரல்தான்.

அதனால் பேசி முடித்ததும் உடனே கார் ஏறிவிடாதீர்கள். மைக்கில் கேட்கக் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிற யாராவது இருப்பார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.