தோற்ற பிறகு செய்யும் தவறுகள்: டென்னிஸ் ஆடுபவர்களுக்கு

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில், ஒற்றையர் பிரிவில் 128 பேர் இறங்குவார்கள். இரண்டு வாரத்தில் 127 பேர் தோற்றுப் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். டென்னிஸில் 'சமன்' என்று தப்பிக்கவும் வழியில்லை. இவ்வளவு சகஜமான தோல்வியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் நன்றாக ஆடத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள்.

ரொம்பப் பேர் செய்வது, ஒவ்வொரு பாயிண்டையும் தங்கள் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகப் பார்ப்பது. சுவிட்சர்லாந்து வீரர் ரோஜர் ஃபெடரர் 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. ஜெயித்தது ஏறக்குறைய 80 சதவீதம். ஆனால் எடுத்த பாயிண்டுகள் வெறும் 54 சதவீதம். அதாவது, நூற்றுக்கு 46 பாயிண்டை எதிராளிக்குக் கொடுத்துக்கொண்டேதான் 20 கிராண்ட்ஸ்லாம் வாங்கியிருக்கிறார்.

ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்த சர்வ் போட 25 வினாடி தருகிறார்கள். அந்த நேரத்தில் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ராக்கெட் நரம்பைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம், தவறிய ஷாட்டைக் காற்றில் மறுபடி ஆடிக் காட்டுகிறோம், கோச் இருக்கும் பக்கம் திரும்பிக் கையை விரிக்கிறோம். பந்தை மேலே போடும்போது மனசு இன்னும் பழைய பாயிண்டிலேயே நிற்கிறது. அப்புறம் என்ன, இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போகும் டபுள் ஃபால்ட்தான். (நானும் வார இறுதியில் ஆடுகிற ஆள்தான், இந்த மூன்றையும் ஒரே கேமில் செய்திருக்கிறேன்.)

இதையே தலைகீழாகப் புரிந்துகொள்வதும் உண்டு. "ஒரு பாயிண்ட்தானே, போகட்டும்" என்று ஆடும்போதே அசட்டையாக விட்டுவிடுவது. ஃபெடரர் சொன்னது அதுவல்ல. ஆடுகிற நிமிஷத்தில் அந்தப் பாயிண்ட்தான் உலகத்திலேயே முக்கியம், முடிந்த பிறகுதான் அது வெறும் பாயிண்ட். இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது.

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது: முடிவை வைத்து மட்டுமே ஆட்டத்தை எடை போடுவது. ஃபெடரரும் நோவாக் ஜோகோவிச்சும் மோதிய 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது செட், 8-7, ஃபெடரர் சர்வ், 40-15. கோப்பைக்கு ஒரே பாயிண்ட் பாக்கி, அதை எடுக்க இரண்டு வாய்ப்பு. முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதில் அவர் வலைக்கு ஏறி வந்தார், ஜோகோவிச் குறுக்காக அடித்த பந்து அவரைத் தாண்டிப் போனது. 4 மணி 57 நிமிஷம் நடந்த அந்த ஆட்டத்தில் ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜெயித்த ஜோகோவிச் எடுத்தது 204. ஜோகோவிச் வென்ற மூன்று செட்டும், கேம்கள் சமமாகும்போது செட்டை முடிவு செய்ய ஆடும் டைபிரேக்கில் வந்தவை. தோற்றவர் மோசமாக ஆடினார் என்று இதைப் பார்த்து யார் சொல்வார்? இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து. ஜெயித்த நாளில் யாரும் தன் குறையை உட்கார்ந்து எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டியதே அன்றைக்குத்தான்.

ஒரே ஆட்டத்தைப் பார்த்து ஒருவருக்குப் பெயர் சூட்டிவிடுவதும் தவறுதான், அந்தப் பெயரை நமக்கு நாமே சூட்டிக்கொண்டாலும் சரி. 1993 விம்பிள்டன் இறுதியில் யானா நோவோட்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராகக் கடைசி செட்டில் 4-1 என்று முன்னால் இருந்தார். 5-1 ஆக ஒரே பாயிண்ட் தேவை. டபுள் ஃபால்ட். அதன்பின் ஒரு கேம்கூட அவருக்கு வரவில்லை. பரிசளிப்பில் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுத படம்தான் அவருடைய அடையாளம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 1997 இறுதியிலும் தோற்றார். 1998-ல் அதே கோர்ட்டில் கோப்பையை வாங்கினார்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ரேங்கிங் என்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. ஒரு போட்டியில் எடுத்த புள்ளிகள் 52 வாரத்தில் கழிந்துவிடும். அதனால் போன வருஷம் ஜெயித்தவர், "புள்ளியைக் காப்பாற்ற வேண்டும்" என்ற பயத்தோடு அதே ஊருக்குத் திரும்ப வருகிறார். யோசித்துப் பார்த்தால் காப்பாற்ற அங்கே ஒன்றுமே இல்லை. பழைய புள்ளி எப்படியும் போகும். அவரும் மற்ற எல்லோரையும் போல முதல் சுற்றில் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறார். ரேங்கிங் எண்ணையே தன் பெயராக நினைக்காதவருக்கு ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி நல்ல உதாரணம். இடையில் டென்னிஸை விட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப் போனார், திரும்பி வந்து முதலிடம் பிடித்தார், 2022 மார்ச்சில் முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில், போதும் என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒன்று: தோல்வியைப் பற்றிச் சிரிக்கவே கூடாது என்று நினைப்பது. விட்டாஸ் ஜெரூலைட்டிஸ், ஜிம்மி கானர்ஸிடம் வரிசையாக 16 தடவை தோற்றவர். 1980 ஜனவரியில் நியூயார்க்கில் ஒருவழியாக ஜெயித்துவிட்டு நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். இந்த ஜெரூலைட்டிஸைத் தொடர்ந்து 17 முறை யாராலும் தோற்கடிக்க முடியாது, எல்லோருக்கும் இது பாடமாக இருக்கட்டும் என்றார்.