ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கும் நம்ம ஆளை வாய் திறந்து கேட்க வைப்பது எப்படி?

போன வருஷம் சின்னம்மா வாட்டில் இருந்தபோது, சேலைன் ஏறிக்கொண்டிருந்த கை ராத்திரி முழுக்க வீங்கியிருக்கிறது. ஊசி நரம்பை விட்டு விலகி, தண்ணீர் தோலுக்கடியில் இறங்கிவிட்டது. காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தேன், புறங்கை பன்னு மாதிரி உப்பி, தொட்டால் சில்லென்று இருந்தது. ஏன் மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், சொல்லவில்லை என்று கேட்டால், "மிஸ்ஸி பாவம், ஒத்த ஆளா ஓடிக்கிட்டு இருந்துச்சு, சிங்களத்துல என்னான்னு சொல்றது" என்றார். மழையிலும் அட்டைக்கடியிலும் முணுமுணுக்காமல் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், ஆஸ்பத்திரியிலும் அப்படியே பொறுத்துக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வாட்டில் சேர்த்த அன்றே பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "உதவி வேணும்னா கேளுங்க" என்றால் நம்ம பெரியவர்கள் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். "உடம்புல என்ன மாறினாலும் மிஸ்ஸிகிட்ட சொல்லி வைங்க, அவங்களுக்கு அது தெரிஞ்சாகணும்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பது அவர்களுக்குக் கூச்சம், தகவல் சொல்வது அப்படி இல்லை. கேட்டால் காசு வாங்குவார்களோ என்று பயப்படுபவர்களும் உண்டு, அரச ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் காசில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எதைச் சொல்ல வேண்டும் என்பதையும் விரல் விட்டு எண்ணிக் காட்டுங்கள்: சேலைன் கை வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், இரத்தம் கசிந்தால், சிறுநீர் போகாவிட்டால், மருந்து குடித்தபின் உடம்பு அரித்துத் தடித்தால். இவற்றில் எதுவும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து மொழி. 1987இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது, ஆனால் நடுராத்திரியில் பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தலையணைக்கடியில் வையுங்கள். வலித்தால் "ரிதெனவா", மூச்சு விடக் கஷ்டமென்றால் "ஹுஸ்ம கன்ன அமாருயி", கை வீங்கினால் "அத இதிமிலா", கழிவறை போக வேண்டுமென்றால் "வெசிகிலி யன்ன ஓன". எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, மூன்று நாலு தரம் சத்தமாகச் சொல்ல வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் இது இன்னும் முக்கியம்.

கழிவறை விஷயத்தைத் தனியாகப் பேசுங்கள். மிஸ்ஸியைக் கூப்பிட வெட்கப்பட்டு நம்ம அம்மாமார் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் இருட்டில் தனியே எழுந்து நடக்கிறார்கள். படுத்தே கிடந்த உடம்பு திடீரென்று எழும்பினால் தலை சுற்றும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். பெண்தான் பெண்ணிடம் கேட்கிறாள், இதில் வெட்கமில்லை என்று ஒரு பெண்ணே சொன்னால் நல்லா எடுபடும்.

வலியைத் தாங்குவதையும் பெருமையாக நினைக்க வேண்டாம். ஒப்பரேஷன் செய்தவர் வலிக்குப் பயந்து இருமாமல், நடக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையவும் கூடும். வலி கூடும் முன்பே சொன்னால் அடக்குவது லேசு.

கூப்பிட மணி இல்லாத வாட்டுகளும் உண்டு. அப்படியென்றால் பக்கத்து பெட்டில் தெம்பாக இருப்பவரிடம், "அக்கா, இவங்க கையைத் தூக்கினா மிஸ்ஸியைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்லி வையுங்கள். புறப்படும் முன் மிஸ்ஸியிடம் கூட்டிப் போய், முடியாவிட்டால் அவரை பெட்டருகே அழைத்து, "இவங்க வாய் திறக்க மாட்டாங்க மிஸ், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை. முகம் தெரிந்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். சொல்லியும் ஆள் வரவில்லையா, திரும்பச் சொல்லலாம், வாட்டுப் பொறுப்பாளர் சிஸ்டரிடமும் சொல்லலாம்.

அப்புறம், மறுநாள் போனதும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்காதீர்கள், "ஆமா" என்றுதான் பதில் வரும். "ராத்திரி மிஸ்ஸியை எத்தனை தரம் கூப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். இதெல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகு சின்னம்மாவிடம் நான் அப்படிக் கேட்டபோது இரண்டு விரலைக் காட்டி, "அத இதிமிலான்னேன், ஓடி வந்து ஊசியை மாத்திக் குத்துச்சு" என்றார்.