சின்ன லேத் பட்டறையில் 5எஸ்: எங்கிருந்து தொடங்குவது?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நாலு லேத் (கடைசல் மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் வைத்துக்கொண்டு பம்புக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் பட்டறைகள் நிறைய. அவற்றில் பலவும் வருஷத்தில் ஒரு நாள் பளபளவென்று இருக்கும். ஆயுத பூஜை. முந்தின நாளே எல்லாரும் சேர்ந்து மெஷினைத் துடைத்து, தரையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பழையபடி ஸ்பேனர் ஒரு பக்கம், அளவு பார்க்கிற வெர்னியர் எண்ணெய்த் துணிக்கு அடியில். ஆட்கள் சோம்பேறிகள் என்பதால் இப்படி ஆவதில்லை. அன்றைக்குச் சுத்தம் செய்தார்களே தவிர, எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை, அதனால் ஒவ்வொன்றும் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

இதற்குத்தான் 5எஸ். ஜப்பான் தொழிற்சாலைகளில் உருவாகி, டொயோட்டாவின் உற்பத்தி முறையோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவியது. செய்ரி, செய்தொன், செய்ஸோ, செய்கெட்ஸு, ஷிட்சுகே என்று ஐந்து படிகள். அதாவது வேண்டாததைப் பிரிப்பது, மிச்சத்துக்கு இடம் ஒதுக்குவது, சுத்தம் செய்வது, அதையே எல்லாருக்கும் ஒரே முறையாக ஆக்குவது, விடாமல் தொடர்வது. தொழிற்சாலைக்கு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனையில் 2000-ல் இதைத் தொடங்கினார்கள், அந்த அனுபவத்தைப் பார்த்து ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா பிறகு ஆப்பிரிக்க நாட்டு மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனது. நமக்கு இப்போதைக்கு லேத் பட்டறை போதும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, பட்டறையை நாலு மூலையிலிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் அதே இடத்தில் நின்று எடுத்து ஒப்பிடலாம். இரண்டு, ரேக் வாங்கப் போகாதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். வேண்டாத சாமானை அடுக்கிவைக்கப் புது ரேக் வாங்குவது வீண் செலவு.

படி 1: பிரித்தல்

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாளிலேயே ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். லீவு நாளில் முதலாளி மட்டும் வந்து பிரித்தால், திங்கட்கிழமை ஆபரேட்டர் வந்து “என் டூல் எங்கே?” என்று நிற்பார். அவரையும் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தப் பட்டறையையும் ஒரே நாளில் தொடாதீர்கள். அந்த லேத்தைச் சுற்றி, மேஜை மேல், டிராயருக்குள், மெஷினுக்கு அடியில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் இந்த மெஷினில் இது தேவைப்பட்டதா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் இங்கே இருக்கலாம். உடைந்தது, தேய்ந்தது, இன்சர்ட் (வெட்டுகிற முனை) போன ஹோல்டர், யாருடையது என்றே தெரியாத பழைய புஷ் எல்லாம் ஒரு பக்கம்.

இங்கேதான் சண்டை வரும். “அது கிடக்கட்டுங்ணா, எப்பவாச்சும் ஆகும்” என்பார் மேஸ்திரி. அவரோடு வாதம் செய்யாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஒரு சிவப்பு அட்டையில் பொருளின் பெயர், இன்றைய தேதி, எந்த மெஷினிலிருந்து எடுத்தது என்று எழுதிக் கட்டி, ஒரு மூலையில் அதற்கென்றே கோடு போட்ட இடத்தில் வையுங்கள். முப்பது நாள் கெடு. அதற்குள் யாராவது தேடி வந்து எடுத்தால் அது உண்மையிலேயே தேவையான பொருள், அட்டையைக் கழற்றிவிட்டு அவரிடமே கொடுங்கள். யாரும் தொடாமல் கிடப்பதை மேஸ்திரியே பார்த்து, “சரி, போட்டுடலாம்” என்று சொல்லும் வரைக்கும் பொறுத்திருப்பது நல்லது, ஏனென்றால் அவர் மனசார விடாத பொருள் வேறு டிராயருக்குத் திரும்பிப் போய்விடும். வாடிக்கையாளர் கொடுத்த கேஜ், பேட்டர்ன், டிராயிங் மட்டும் விதிவிலக்கு. அவர்களைக் கேட்காமல் எதையும் போடக்கூடாது.

படி 2: இடம் ஒதுக்குதல்

மிச்சம் இருப்பது பாதிக்குப் பாதி குறைந்திருக்கும். இப்போது யோசிக்க வேண்டியது, கை எவ்வளவு அடிக்கடி போகிறது என்பது. நிமிஷத்துக்கு நிமிஷம் தேவைப்படுவது நின்ற இடத்திலிருந்தே கை எட்ட வேண்டும்: சக் சாவி, டூல் போஸ்ட் சாவி, வெர்னியர். தினம் ஒன்றிரண்டு தடவை என்றால் இரண்டடி நடக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை என்றால் பொது அலமாரி.

ஸ்பேனர்களுக்கு ஒரு பிளைவுட் பலகை எடுத்து, ஒவ்வொன்றையும் வைத்து அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து, ஆணி அடித்து மாட்டுங்கள். ஒரு ஸ்பேனர் இல்லையென்றால் அந்த வெற்று உருவம் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும், எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. எடுத்தவர் அந்த ஆணியில் தன் பெயர் வில்லையை மாட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஓட்டை போடுகிற டிரில், அந்த ஓட்டைக்குள் மரை வெட்டுகிற டேப், இவற்றை வைப்பதில் ஒரு சின்ன வித்தை. பெரும்பாலும் டிரில் எல்லாம் ஒரு டப்பா, டேப் எல்லாம் இன்னொரு டப்பா என்று வைக்கிறார்கள். அப்படி வைக்காமல், சேர்ந்து வேலை செய்பவற்றைச் சேர்த்து வையுங்கள். 10 மில்லி டேப்புக்குப் பக்கத்திலேயே 8.5 டிரில், 8-க்குப் பக்கத்தில் 6.8, 6-க்குப் பக்கத்தில் 5. புதிதாக வந்த பையனும் தப்பான ஓட்டை போட மாட்டான், மேஸ்திரியைத் தேடிக்கொண்டும் ஓட மாட்டான்.

அளவுக் கருவிகளை வெட்டும் கருவிகளோடு ஒரே டிராயரில் போடவே கூடாது. தனிப் பெட்டி, அடியில் மெத்தென்று ஒரு விரிப்பு. மைக்ரோமீட்டரை வைக்கும்போது இரண்டு முகமும் ஒட்டும்படி இறுக்கி மூடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.

அப்புறம் தரை. நடக்கிற பாதைக்கு மஞ்சள் கோடு. முடிந்த ஜாப், முடியாத ஜாப், ரிஜெக்ட் ஆன ஜாப் மூன்றுக்கும் மூன்று நிறத் தட்டு. ரிஜெக்ட் தட்டு கண்டிப்பாகச் சிவப்பு. நல்ல பீஸோடு ரிஜெக்ட் ஒன்று கலந்து கம்பெனிக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: சுத்தம்

இப்போதுதான் துணியையும் துடைப்பத்தையும் எடுக்க வேண்டும். ஷிஃப்ட் முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மெஷினை நிறுத்திவிடுங்கள். அந்தப் பத்து நிமிஷம் உற்பத்தி போகிறதே என்று கணக்குப் பார்க்கிறவர்கள், காலையில் வந்ததும் டூல் தேடுவதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்க்கட்டும்.

கடைசல் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கையுறை போட்டாலும் கூடாது. கொக்கி இருக்க வேண்டும், அந்தக் கொக்கிக்கும் மாட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஏர் கன் வைத்து லேத்தை ஊதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். துகள் கண்ணுக்கும் போகும், மெஷின் பாகங்கள் நகர்கிற ஸ்லைடு வேக்கு உள்ளேயும் போகும். பிறகு லேத்தின் பெட் தேய்ந்துவிட்டது என்று புலம்ப வேண்டியதுதான். பிரஷ்ஷும் துணியுமே போதும். ஸ்டீல், வார்ப்பிரும்பு, பித்தளை மூன்றுக்கும் தனித்தனி டிரம் வையுங்கள், கலந்துவிட்ட பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் பித்தளை விலை கிடைக்காது. எண்ணெய் பட்ட காட்டன் வேஸ்ட்டை மூடி போட்ட இரும்பு டப்பாவில் மட்டும் போடுங்கள், கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் அது திறந்து கிடக்கக் கூடாது.

துடைக்கிற கைதான் மெஷினை நெருக்கமாகப் பார்க்கிறது. தளர்ந்த போல்ட், உரசுகிற பெல்ட், ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே சொட்டுகிற எண்ணெய் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அதனால் மெஷினுக்கும் தரைக்கும் பெயின்ட் அடிக்கும்போது வெளிர் நிறமாக எடுங்கள். அழுக்கு தெரியாது என்று கரும்பச்சை அடிப்பதுதான் வழக்கம், ஆனால் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

படி 4: ஒரே முறை

இது சின்ன வேலை. நன்றாக அமைந்த மெஷினை ஒரு படம் எடுத்து, லேமினேட் செய்து அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள், “சாயங்காலம் இப்படி இருக்க வேண்டும்”, அவ்வளவுதான். யார், எதை, எப்போது என்று ஒரு பக்கத்துக்கு மேல் போகாத பட்டியல் ஒன்று. தமிழிலும், வடமாநிலத் தம்பிகள் இருந்தால் இந்தியிலும். பிறகு அடுத்த மெஷினுக்குப் போங்கள்.

படி 5: தொடர்வது

அவசர ஆர்டர் வரும் வாரத்தில்தான் எல்லாம் குலையும். அந்த வாரத்திலும் இரண்டை மட்டும் விடாதீர்கள்: ஸ்பேனர் பலகையும் சிவப்புத் தட்டும். மற்றதை ஆர்டர் போன பிறகு சரி செய்துகொள்ளலாம். வாரம் ஒரு தடவை முதலாளி பட்டறையைச் சுற்றி வர வேண்டும், ஆனால் மதிப்பெண் போடுவதை ஆபரேட்டர்களிடமே விடுங்கள், ஒருவர் மெஷினை இன்னொருவர் பார்க்கட்டும். திட்டுவதற்கோ அபராதம் பிடிப்பதற்கோ இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தினால், அதற்கு மறுவாரமே எல்லாருக்கும் பத்துக்குப் பத்து விழுந்திருக்கும். முதலாளி மேஜையையும் பட்டியலில் சேருங்கள். பில், டிராயிங், டீ கிளாஸ் எல்லாம் குவிந்து கிடக்கிற மேஜையிலிருந்து கொண்டு யாருக்கும் எதையும் சொல்ல முடியாது.

மூன்று நாலு மெஷின் முடிந்து, வெளியாள் ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால், மத்திய அரசு 2023-ல் தொடங்கிய எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) லீன் திட்டத்தைப் பாருங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். அடிப்படை நிலையில் 5எஸ்ஸும் வருகிறது, அதற்கு மேலே உள்ள இரண்டு நிலைகளில் ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன் அந்த நாலு மூலைப் படங்களை மறுபடியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆலோசகர் வந்ததும் முதலில் எதுவரை செய்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்.