கொல்லிமலைக்குப் போனால் உலக்கையைப் பிடித்துப் பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து காரில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போய்விடலாம். காரவள்ளி அடிவாரம் வழியாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சிங்கப்பூரின் 163 மீட்டர் புக்கிட் தீமாவை மலை என்று ஏறிப் பழகிய என் மகளுக்கு இருபதாவது வளைவிலேயே வாந்தி. ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

பலர் ஆகாய கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில் இரண்டையும் பார்த்துவிட்டு அன்று மாலையே இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் மலைமேல் உள்ள செம்மேட்டில் இரண்டு இரவாவது தங்குங்கள். சாமை குத்தும் வீடு பக்கத்து ஊரில் உண்டா என்று தங்கும் இடத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள். இன்னொன்று, அங்குள்ள பழங்குடியினரை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள், பேசுவதும் தமிழ்தான்.

போனதும் "உங்கள் பாரம்பரியம் என்ன?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. கண்ணில் படும் பொருளைக் கேளுங்கள். நான் "இந்த முறம் யார் முடைந்தது பாட்டி?" என்றுதான் ஆரம்பித்தேன். பாட்டி உலக்கையைக் கையில் கொடுத்துவிட்டார். சாமை கடுகளவுதான், ஆனால் உமி லேசில் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அரை மணி நேரத்தில் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "எங்க மாமியா காலத்துல கோழி கூவுறதுக்கு முந்தியே உரல் சத்தம் கேக்கும். இப்ப எல்லாரும் மரவள்ளி போட்டுட்டாங்க" என்றார். மரவள்ளி ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க் காசாகிறது. உலக்கை வேலையும் இல்லை. சாமையும் தினையும் ஏன் குறைந்தன என்று அந்தக் கொப்புளமே எனக்குச் சொல்லிவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்ததன் அருமையும் அப்புறம்தான் புரிந்தது.

ஆடி 18ஐ ஒட்டி, இந்த மலையை ஆண்ட சங்ககால மன்னன் வல்வில் ஓரிக்கு விழா நடக்கும். அப்போது போனால் கூட்டத்தில் யாரிடமும் நின்று பேச முடியாது. நம் சிங்கப்பூர் ஜூன் பள்ளி விடுமுறையில் போனால் பலாப்பழமும் கிடைக்கும்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தேன், பாட்டி வாங்கவே இல்லை. அதனால் அவர் வீட்டு மிளகை 2 கிலோ விலைக்கு வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், பேரம் மட்டும் பேசாதீர்கள்.