வீசானில் டீடூப்பும் கம்ப்ரெஷனும் உண்மையில் நடக்கின்றனவா? பார்க்கும் முறை

பல சர்வர்களின் (ஹோஸ்ட்களின்) டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்துப் பொதுச் சேமிப்பாக்கும் மென்பொருள்தான் வீஎம்வேர் வீசான்; அப்படிச் சேர்ந்த ஹோஸ்ட்களின் கூட்டம் கிளஸ்டர். அந்தக் கிளஸ்டரில் டீடூப் (ஒரே தரவு பலமுறை இருந்தால் ஒன்றை மட்டும் வைப்பது), கம்ப்ரெஷன் (தரவைச் சுருக்குவது) நிலை என்ன என்று கேட்டால், பெரும்பாலானோர் வீஸ்ஃபியர் கிளையன்ட் என்ற நிர்வாகத் திரையில் ஒரே ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தை நான் சான்றாக ஏற்பதில்லை. கிளஸ்டருக்கு என்ன அமைப்பு கொடுத்தோம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. டிஸ்க்குகள் அந்த அமைப்புக்கு மாறினவா என்பதை ஹோஸ்ட்டிடம்தான் கேட்க வேண்டும்.

இருந்தாலும் தொடக்கம் அந்தப் பக்கம்தான். கிளஸ்டரைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர், வீசான், சர்வீசஸ் என்று போனால் இட மிச்சத்துக்கான வரி இருக்கும். எதுவும் இல்லை, கம்ப்ரெஷன் மட்டும், டீடூப்பும் கம்ப்ரெஷனும் ஆகிய மூன்றில் ஒன்றை அது காட்டும். நடுவிலுள்ளது 7.0 அப்டேட் 1 முதல்தான் உண்டு. அதற்கு முன்பு, 2016-இல் 6.2 பதிப்பில் வந்த வடிவத்தில், இரண்டும் சேர்ந்தே வரும், பிரிக்க முடியாது. எல்லாமே ஃபிளாஷ் டிஸ்க்காக இருந்தால்தான் இந்த வசதி கிடைக்கும். சுழலும் டிஸ்க் கலந்த கிளஸ்டரில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்து ஹோஸ்ட். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் நுழைந்து ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ வீசான் ஸ்டோரேஜ் லிஸ்ட்’ கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பத்தி நீளத்துக்கு விவரம் கொட்டும். அதில் நான்கு வரிகள் போதும். ‘இஸ் கெப்பாசிட்டி டியர்’ என்பதற்கு எதிரே ‘ட்ரூ’ என்று இருந்தால் அது தரவு தங்கும் டிஸ்க். ‘ஃபால்ஸ்’ என்றால் கேஷ், அதாவது எழுதும் தரவு முதலில் வந்து சேரும் டிஸ்க். தரவு டிஸ்க்குகளில் ‘டீடூப்ளிகேஷன்’, ‘கம்ப்ரெஷன்’ வரிகளைப் படியுங்கள். இரண்டும் ட்ரூ என்றால் முழு வசதி. முதலாவது ஃபால்ஸ், இரண்டாவது ட்ரூ என்றால் கம்ப்ரெஷன் மட்டும். நான்காவது வரி ‘இன் சிஎம்எம்டிஎஸ்’ (சிஎம்எம்டிஎஸ் என்பது கிளஸ்டரின் உள் பதிவேடு). இது ஃபால்ஸ் என்று வந்தால் அந்த டிஸ்க்கைக் கிளஸ்டர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை; டீடூப் விசாரணையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

ஒரு ஹோஸ்ட்டில் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வசதியை இயக்கும்போது வீசான் ஒவ்வொரு டிஸ்க் குரூப்பாக (ஒரு ஹோஸ்ட்டில் ஒரு கேஷ் டிஸ்க்கும் அதோடு சேர்ந்த தரவு டிஸ்க்குகளும்) தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, குரூப்பைக் கலைத்து, புது வடிவத்தில் மறுபடி உருவாக்குகிறது. தரவின் அளவைப் பொறுத்து இது வெகுநேரம் இழுக்கும். நடுவில் பார்த்தால் பாதி குரூப் ட்ரூ, பாதி ஃபால்ஸ் என்றுதான் இருக்கும்; அது கோளாறு அல்ல. டாஸ்க் பட்டியலிலும், மானிட்டர் பகுதியின் ‘ரீசிங்கிங் ஆப்ஜெக்ட்ஸ்’ பக்கத்திலும் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே எல்லாம் ஓய்ந்த பிறகும் கலவையாக இருந்தால்தான் பிரச்சினை. இரண்டு, மூன்று ஹோஸ்ட் கொண்ட சிறு கிளஸ்டர்களில் தரவை ஒதுக்கி வைக்க வேறு இடமே இருக்காது. அங்கே பாதுகாப்பு நகல் தற்காலிகமாகக் குறைவதற்கு அனுமதி கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பேக்கப் எடுக்காமல் அந்த அனுமதியைக் கொடுப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, விலகிக்கொள்கிறேன்.

பவர்சிஎல்ஐ (வீஎம்வேரின் கட்டளைவரிக் கருவி) பழக்கமுள்ளவர்கள் ‘கெட் வீசான் கிளஸ்டர் கான்ஃபிகரேஷன்’ மூலமும் நிலையைக் கேட்கலாம். பத்துப் பதினைந்து கிளஸ்டர்களை ஒரே மூச்சில் பார்க்க வசதி. ஆனால் அதுவும் கிளஸ்டர் மட்டத்துப் பதில்தான்.

இப்போது மிச்சக் கணக்கு. மானிட்டர், வீசான், கெப்பாசிட்டி பக்கத்தில் சேமித்த அளவும் விகிதமும் இருக்கும். சுருங்குவதற்கு முன் 24 டிபி, பின் 15 டிபி என்றால் விகிதம் 1.6 மடங்கு. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

டீடூப்பின் எல்லை ஒரு டிஸ்க் குரூப். கிளஸ்டர் முழுவதும் அல்ல. ஒரே 4 கேபி பிளாக் மூன்று குரூப்களில் இருந்தால் மூன்று முறை இருக்கும். மிரர் முறையில் வைக்கும் நகல்கள் வேறு வேறு ஹோஸ்ட்களில் அமர்வதால் அவை ஒன்றோடொன்று சேராது. சேர்ந்துவிட்டால் பாதுகாப்பே போய்விடுமே! கம்ப்ரெஷனுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: டீடூப்புக்குப் பிறகு எஞ்சும் 4 கேபி பிளாக் 2 கேபி அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் சுருங்கிய வடிவில் எழுதப்படும். இல்லையென்றால் அப்படியே முழு அளவில் போகும். வீடியோ, ஏற்கெனவே சுருக்கிய பேக்கப் கோப்புகள், விருந்தினர் இயக்கமுறைமைக்குள்ளேயே மறையாக்கம் செய்த தரவு ஆகியவற்றிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

தரவு கேஷிலிருந்து கெப்பாசிட்டி டிஸ்க்குக்கு இறங்கும்போதுதான் இந்த வேலைகள் நடக்கின்றன. எனவே ஒரு பெரிய விஎம்மை (மெய்நிகர் கணினியை) நகலெடுத்த கையோடு விகிதத்தைப் பார்ப்பதில் பொருளில்லை. புதிய, காலியான கிளஸ்டரிலும் பார்க்க வேண்டாம்: இந்த வசதி தன் சொந்தக் குறிப்புகளுக்காகவே மொத்த இடத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், தரவு குறைவாக இருக்கும்போது அந்தச் செலவே பெரிதாகத் தெரியும்.

விகிதம் நன்றாக இருக்கிறது, காலி இடம் மட்டும் கூடவில்லை என்ற புகார் வந்தால் நேரே ஸ்டோரேஜ் பாலிசியை (விஎம்மின் தரவை எப்படி வைக்க வேண்டும் என்ற விதித் தொகுப்பை) திறங்கள். ‘ஆப்ஜெக்ட் ஸ்பேஸ் ரிசர்வேஷன்’ 100 சதவீதம் என்று யாராவது வைத்திருப்பார்கள். தரவு சுருங்கினாலும் இடம் முழுதாகப் பூட்டியே கிடக்கும். கெப்பாசிட்டி பக்கத்தில் உண்மையில் எழுதிய அளவையும் ஒதுக்கிவைத்த அளவையும் ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்து ஏமாற்றமும் உண்டு. 200 ஜிபி விஎம்மை நீக்கினால் 200 ஜிபி திரும்பி வராது. அதன் பிளாக்குகளில் பலவற்றை மற்ற விஎம்களும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்.

டீடூப் இருக்கும் குரூப்பில் ஒரு கெப்பாசிட்டி டிஸ்க் செத்தாலே முழு குரூப்பும் விழுந்துவிடும். அதிலிருந்து ஒரு டிஸ்க்கை மட்டும் தனியே கழற்றவும் முடியாது. கம்ப்ரெஷன் மட்டும் உள்ள முறையில் பாதிப்பு அந்த ஒரு டிஸ்க்கோடு நின்றுவிடும். விகிதம் 1.2, 1.3 என்று தேங்கிக் கிடக்கும் கிளஸ்டர்களில் டீடூப்பை வைத்திருப்பது வீண் என்பது என் கருத்து. கம்ப்ரெஷன் மட்டும் முறைக்கு மாறலாம். அதற்கும் டிஸ்க் குரூப்கள் மறுபடி வடிவமைக்கப்படும் என்பதால் காலி இடத்தை முதலில் எண்ணிப் பாருங்கள்.

வீசான் 8-இல் வந்த இஎஸ்ஏ (எக்ஸ்பிரஸ் ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்சர்) என்ற புது அமைப்பு என்றால் மேலே சொன்ன டிஸ்க் குரூப் கதையே கிடையாது. டிஸ்க்குகளை ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ வீசான் ஸ்டோரேஜ்பூல் லிஸ்ட்’ காட்டும். கம்ப்ரெஷன் இயல்பாகவே இயங்கும். நிறுத்த வேண்டுமானால் ஸ்டோரேஜ் பாலிசியில், விஎம் வாரியாக. அப்படி மாற்றினால் புதிதாக எழுதும் தரவுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆகவே இஎஸ்ஏ-வில் பாலிசிப் பக்கத்தைப் பார்த்து ஒரு விஎம்மின் நிலையைச் சொல்வதாக இருந்தால், அந்த பாலிசி எப்போது மாறியது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.