சம்பளத்தில் மாதாமாதம் நன்கொடை பிடிப்பது எப்படி? தொடங்குகிறவர்களுக்கு

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் 'பிடிப்பது' புதுக் கதை இல்லை. சேமலாப நிதி (ஓய்வுகாலத்துக்குச் சேரும் EPF), தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு எல்லாம் போய் மிச்சம் என்ன என்று சம்பளச் சீட்டைத் தடவிப் பார்த்த வீடுகள்தானே நம்முடையவை. அதே வழியில் மாதம் 100 ரூபாயை ஒரு பொதுக் காரியத்துக்கு வரச் செய்வதைத்தான் சொல்லப் போகிறேன். திருவிழாவில் உண்டியல் குலுக்கினால் ஒருநாள் நிறையச் சேரும், ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பஸ் காசு மாதாமாதம் அல்லவா வேண்டும்?

முதலில் நன்கொடை சேர்க்கும் உங்கள் சங்கத்தின் கடதாசிகளைச் சரி செய்யுங்கள். பதிவு இருக்க வேண்டும், சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, காசு எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. "தலைவரின் கணக்குக்குப் போடுங்கள், அவர் நல்லவர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த நிமிஷமே கதவு மூடிவிடும்.

அடுத்தது எங்கே போவது. நாட்சம்பளக்காரரிடம் முதலில் போக வேண்டாம் என்பது என் கருத்து, அவர்களுக்கு ஏற்கெனவே பிடிப்பு அதிகம், மழை மாதத்தில் பெயர் விழும் நாளும் (சம்பளத்துக்குக் கணக்காகும் வேலை நாள்) குறையும். ஹட்டனில் ஒரு பெரிய கடை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் என்று மாதச் சம்பளம் உள்ள இடமாகப் பாருங்கள். முதலாளி "செய்வோம்" என்று தலையாட்டினால் பாதி வேலைதான் முடிந்தது, மீதி சம்பளப் பட்டியல் போடும் ஆளின் கையில். அவரிடம் தனியாக உட்கார்ந்து, பட்டியலை எந்தத் திகதியில் மூடுகிறார் என்று கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னதாகப் படிவங்களைக் கொடுங்கள். மாதக் கடைசியில் போய் நின்றால் தேத்தண்ணீர்கூடக் கிடைக்காது.

படிவம் ஒரு பக்கம் போதும். வேலை செய்பவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. நாங்கள் எழுதியது இதுதான்: "என் சம்பளத்தில் மாதம் ரூபா ......... பிடித்து இந்தச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம்." இரண்டாவது வரியைப் பார்த்து எங்கள் பொருளாளர் பயந்தார். உண்மையில் அதைப் படித்த பிறகுதான் தயங்கியவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

கட்டாயம் வரும் கேள்வி: "சேமலாப நிதி குறையுமா?" குறையாது. உங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) முதலாளி போடும் 3 வீதம் எல்லாம் பிடிப்புக்கு முந்திய சம்பளத்தில்தான் கணக்கு. பிரித்தானியாவில் 1987 முதல் வரிக்கு முன்பே நன்கொடை பிடிக்கும் முறை உண்டு, அதை இணையத்தில் படித்துவிட்டு வந்து இங்கே வரிச் சலுகை என்று ஆசை காட்டாதீர்கள்.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்கிறேன். ஒரு கந்தோரில் நன்றி சொல்வதாக நினைத்து, யார் எவ்வளவு என்று பட்டியல் அடித்துத் தேத்தண்ணீர் போடும் இடத்தில் ஒட்டினோம். துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் 50 ரூபாய் போட்டிருந்தார், அதற்கு நேர் மேலே 500. அடுத்த மாதமே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார், எங்களாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது மொத்தத் தொகையை மட்டும் ஒட்டுகிறோம், "இந்த மாதம் 4,200, பதினான்கு பிள்ளைகளுக்கு பஸ் காசு" என்று.

காசு வந்ததும் கந்தோர் அனுப்பும் பெயர்ப் பட்டியலோடு வங்கிக் கணக்கை ஒப்பிட்டு, அதே வாரம் பற்றுச்சீட்டு கொடுங்கள். நிறுத்தச் சொன்னவரின் பெயர் நிஜமாகவே எடுபட்டதா என்று அடுத்த பட்டியலில் நீங்களே பாருங்கள், அதைக் கந்தோரின் தலையில் போடாதீர்கள்.

கந்தோர் மறுத்துவிட்டால்? விரும்பியவர்கள் தங்கள் வங்கியில் நிலையான கட்டளை (மாதாமாதம் தானாகவே காசு அனுப்பச் சொல்லும் உத்தரவு) கொடுக்கலாம், திகதியைச் சம்பளத்துக்கு மறுநாளாகப் போடச் சொல்லுங்கள்.