பழைய பனங்கைமரத்துல வில் செய்யுறது எப்படி

ஓட்டு வீட்ட இடிக்கிற எடத்துல எல்லாரும் முதல்ல தேக்கு நிலையையும் கதவையும்தான் பாப்பாங்க, வில் செய்யணும்னா அத விட்டுட்டு ஓரமா குவிச்சு வெச்சிருக்கிற பனங்கைமரத்துக்கிட்ட, அதாவது கூரையத் தாங்குன பனஞ்சட்டத்துக்கிட்ட போங்க. தேக்கு இழைக்க சுகமா இருக்கும், கரையான் லேசுல தொடாது, எல்லாம் சரி, ஆனா ரம்பத்துல அறுத்த சட்டத்துல நார் சாய்வா ஓடி நடுவழியிலயே ஓரத்துல முடிஞ்சு போயிருக்கும், வளைக்கிறப்ப அந்த எடத்துலதான் பட்டுனு போகும். பழைய பனங்கைமரம் பெரும்பாலும் நீளவாக்குல பொளந்து செதுக்கினது, அதனால நார் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் அறுபடாம ஓடும். இது யாரும் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல, அர்த்தசாஸ்திரத்துல ஆயுதசாலை பத்தி வர்ற பகுதியில வில்லுக்கு ஆகுற பொருள்னு பனை, மூங்கில், மரம், கொம்பு நாலையும் சொல்லியிருக்கு, நியூ கினியா பக்கமும் வில்லுன்னா பெரும்பாலும் பனை வகை மரம்தான்.

பச்ச மரத்த வெட்டுற யோசனையே வேணாம். தமிழ்நாட்டுல 2021ல இருந்து பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும், அதுவும் போக பச்ச மரம் காய மாசக்கணக்குல ஆகும், கூரைக்கு அடியில பல வருஷம் கெடந்த கட்டை காஞ்சு ரெடியா இருக்கு. வெளிய மழையில கெடந்து நனைஞ்சதா இருந்தா மட்டும் நிழல்ல, காத்தோட்டமான ரூம்ல ஒரு மாசம் படுக்க வெச்சுடுங்க, வெயில்ல போட்டா வெடிக்கும்.

கட்டைய பொறுக்குறதுலதான் பாதி வேலையே இருக்கு, இங்க அவசரப்படாதீங்க. ஆறடிக்கு மேல நேரா இருக்கணும். வெளிப்பக்கம் கறுப்பா வைரம் பாஞ்சு, உள்பக்கம் போகப்போக வெளிறி மெத்துனு ஆகும், அந்த வைரம் குறைஞ்சது முக்கால் இஞ்ச் தடிமன் இருக்குற கட்டையா பாருங்க, சோத்துப்பக்கம் நமக்கு உதவாது. தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், பொத்துனு கேட்டா உள்ள உளுத்திருக்கு. அப்புறம் ரீப்பர் (ஓடு உக்கார்ற மெல்லிசு சட்டம்) அடிச்ச ஆணி ஓட்டை, இது கண்டிப்பா இருக்கும், கேள்வி எந்தப் பக்கம் இருக்குங்கறதுதான். ஓரத்துல இருந்தா அறுத்து ஒதுக்கிடலாம், வில்லோட முதுகா, அதாவது எய்றவருக்கு எதிர்ப்பக்கமா வரப்போற கறுப்புப் பக்கத்துல இருந்தா அந்தக் கட்டைய விட்டுடுங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஒரு காந்தத்த எடுத்துட்டுப் போய் நீளத்துக்கும் தடவிப் பாருங்க, தலை ஒடிஞ்சு உள்ள கெடக்குற ஆணி ரம்பத்தோட பல்ல காலி பண்ணிடும். கழிவு ஆயிலோ தாரோ பூசின முனைகள வெட்டிப் போட்டுடலாம்.

கையுறை போட்டுக்குங்க, மாஸ்க்கும். பனஞ்செறாம்பு ஊசி மாதிரி, ஏறினா ஒடிஞ்சு உள்ளயே நிக்கும்.

நீளம் 6 அடி வைங்க. நாண 28 இஞ்ச் இழுக்கிற ஆளுக்கு இது கொஞ்சம் தாராளம்தான், முதல் வில்லுக்கு தாராளம் நல்லது. சரியா நடுவுல கோடு போட்டு, முனைக்கு முனை நூல் கட்டி சென்டர் லைன் அடிச்சுக்குங்க. நடுவுல ஒன்றரை இஞ்ச் அகலம், பாதிக் கை வரைக்கும் (பிடிக்கு ரெண்டு பக்கமும் வளையுற பகுதிதான் வில்லோட கை) அதே அகலம், அங்கிருந்து முனையில அரை இஞ்ச் வர்ற மாதிரி குறுகட்டும். தடிமன் நடுவுல முக்கால் இஞ்ச், முனையில அரை இஞ்ச், இது ஆரம்ப அளவுதான், கடைசி அளவ வளைவுதான் சொல்லும். கறுப்பு முதுகுல இழைப்புளி படவே கூடாது, ஒட்டியிருக்கிற அழுக்கையும் பட்டையையும் கண்ணாடித் துண்டால சுரண்டி, ரெண்டு ஓரத்தையும் உப்புத்தாள் போட்டு உருட்டி விடுங்க, அவ்வளவுதான். கொறைக்கிறது எல்லாம் வயித்துப் பக்கம், அதாவது எய்றவரப் பாத்த பக்கம் மட்டும். இழைப்புளி பனையில நார பிச்சுக்கிட்டு வரும், அதனால முதல்ல மர அரம், அப்புறம் சுரண்டுற தகடு.

இப்ப முனைய தரையில ஊனி, பிடியில கைய வெச்சு லேசா அழுத்துங்க, வில்லோட ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையுதான்னு கண்ணால பாருங்க. ஒரு கை கண்டிப்பா முறைப்பா நிக்கும், ஏன்னா பனை அடிமரம் கெட்டி, மேல போகப்போக இளசு, அடிமரப் பக்கத்துக் கையில கூடுதலா சுரண்ட வேண்டி வரும். நாலஞ்சு இஞ்ச் வளையுற அளவுக்கு வந்ததும் முனையில நாண் காடி வெட்டுங்க, ரெண்டு பக்க ஓரத்துல மட்டும் 45 டிகிரி சாய்வா, முதுகுக்குக் குறுக்க வெட்டவே கூடாது. பனை நாருக்கு நடுவுல சுலபமா பொளக்கும், அதனால காடிக்குக் கீழ ஒரு இஞ்சுக்கு நல்ல நூல நெருக்கமா சுத்தி அரால்டைட் பூசிடுங்க, இத விட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறவங்கதான் ஜாஸ்தி.

அடுத்தது டில்லரிங், அதாவது வில்லு ரெண்டு பக்கமும் சமமா வளையுற வரைக்கும் சுரண்டி சரி பண்றது, பொறுமை உள்ளவங்களுக்கான வேலை. செவுத்துல ஒரு கட்டைய அடிச்சு அதுல பிடிய உக்கார வெச்சு, தொளதொளனு நீளமான கயிற முனைக்கு முனை மாட்டி, கீழ ஒரு கப்பி வழியா இழுங்க, நீங்க அஞ்சாறு அடி தள்ளி நின்னு பாக்குற மாதிரி. இழுக்குற கயித்துல லக்கேஜ் தராச மாட்டிக்குங்க. 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம் இழுவை பாரம் இலக்குன்னா, தராசு அந்த அளவ காட்டினதும் அதுக்கு மேல ஒரு இஞ்ச் கூட இழுக்காதீங்க. வளையாத எடத்துல சாக்பீஸ்ல குறி போடுங்க, அங்க மட்டும் சுரண்டுங்க, ஜாஸ்தி வளையுற எடத்த தொடவே தொடாதீங்க. சுரண்டின ஒவ்வொரு தடவையும் ஒரு முப்பது தடவை பாதியளவு இழுத்து விட்டாதான் மாத்தம் வெளிய தெரியும், தெரியறதுக்குள்ள மறுபடி சுரண்டினா வில்லு இளைச்சுப் போய் கடைசியில கொழந்த விளையாடத்தான் ஆகும். வயித்துப் பக்கம் குறுக்க மெல்லிசா சுருக்கம் விழுந்தா அந்த எடம் தாங்கலன்னு அர்த்தம், ரெண்டு பக்கத்துலயும் கொறைச்சு பாரத்த எறக்குங்க. முதுகுல நார் எழும்பினா உடனே நிறுத்தி, பசை வெச்சு நூல் சுத்துங்க, விரிசல் நீளமா ஓடினா ஆசையை விட்டுட்டு அடுப்புல வைங்க.

நாணுக்கு நைலான் வேணாம், இழுபடும். டேக்ரான் நூல் (வில் நாணுக்குன்னே வர்ற பாலியஸ்டர்) கெடைச்சா நல்லது, இல்லாட்டி முறுக்கின பாலியஸ்டர். அந்தக் காலத்துல எருக்கு நாரும் சணல் வகை நாரும் போட்டிருக்காங்க, ஆசை இருந்தா திரிச்சுப் பாருங்க, மெனக்கெடு ஜாஸ்தி. முதல்ல பிடிக்கும் நாணுக்கும் நடுவுல நாலு இஞ்ச் இருக்குற மாதிரி நாணேத்தி, வளைவு சரியான பிறகு ஆறுக்குக் கொண்டு வாங்க, கட்டைவிரல நீட்டின முஷ்டி அளவு. மெதுவா 28 இஞ்ச் வரைக்கும் இழுத்து முடிச்சதும் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் மூணு நாலு கோட் அடிச்சு காய விடுங்க.

அம்பு இல்லாம நாண இழுத்து சும்மா விடாதீங்க, அந்த சக்தி எல்லாம் திரும்ப வில்லுக்குள்ளயே போய் ஒடைக்கும். ரொம்ப லேசான அம்புக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான், 25 பவுண்டு வில்லுக்கு 16 கிராமுக்குக் கொறையாத அம்பா போடுங்க. வேலை முடிஞ்சதும் நாண எறக்கிட்டு படுக்கவாட்டுல வைங்க, மூலையில சாத்தி வெச்சா கோணிக்கும். கொக்கு, முயல்னு குறி பாக்குற எண்ணம் இருந்தா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பழைய துணி அடைச்ச சாக்கு மூட்டையும் அதுக்குப் பின்னால ஒரு மண்மேடும் போதும்.